கத்தோ வலையும் நாலு மூட்டை பசையரிசியும்

மேற்கு சிட்னியில் விளையாட்டுச் சாமான்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. சண்டை போட்ட பிறகு கொஞ்சம் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அதற்கு அப்புறமும் பெயரைப் போட்டு மானத்தை வாங்குவது நியாயமில்லை. இந்தப் பக்கம் இப்படிப்பட்ட கம்பெனிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி சாமானைத்தான் வைத்திருக்கின்றன. அதனால் நீங்கள் யாரிடம் எடுத்தாலும் இது பயன்படும். மதிப்பெண் வேண்டுமென்றால் ஐந்துக்கு மூன்று. அதில் ஒன்று லாரி டிரைவருக்கு.

லாவோ மக்களின் புத்தாண்டு, பீ மாய், ஏப்ரல் நடுவில் வரும். நம் சித்திரைப் பிறப்பும் அதே நாட்கள்தான், ஒரே சூரியக் கணக்கு. இங்கே ஃபேர்ஃபீல்ட் பக்கம், பனிரிக், எடென்சர் பார்க் என்று லாவோ குடும்பங்கள் நிறைய. 1975இல் ஆட்சி மாறியபோது மேக்கோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களில் கிடந்து, அப்புறம் இங்கே வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். வெதரில் பார்க்கில் ஒரு கிடங்கில் என்னோடு வேலை செய்கிறவர் அப்படி ஒருவர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். லாவோ மொழியில் அண்ணனை 'ஆய்' என்று கூப்பிட வேண்டும். தமிழன் வாயில் அந்த மரியாதைச் சொல் சிரிக்காமல் வருவதற்கு எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

இந்த வருஷம் விழாக் குழு, மேடை ஆட்டத்தோடு நிறுத்தாமல் ஊர் விளையாட்டுகளையும் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ரக்பியும் கூடைப்பந்தும்தான் தெரியும் என்று கிழவர்களுக்குக் குறை. ஆய் என்னிடம் வந்தார். ஏனென்றால் நான் மலேசியன், கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவன், அவர்கள் 'கத்தோ' என்று சொல்லும் ஆட்டத்தை நாங்கள் செப்பாக் தக்ராவ் என்று சொல்லிப் பள்ளித் திடலில் விளையாடினோம். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பிரம்புப் பந்து, நடுவில் வலை, பக்கத்துக்கு மூன்று பேர், கை படக்கூடாது, காலாலும் தலையாலும் கைப்பந்து ஆடுவது போல. 'செப்பாக்' என்றால் மலாயில் உதை, 'தக்ராவ்' என்றால் தாய் மொழியில் பின்னிய பந்து. இரண்டு நாட்டுக்காரர்களும் பேரில் விட்டுக்கொடுக்காததால் இரண்டையும் ஒட்டி வைத்துவிட்டார்கள். லாவோக்காரர்கள் அந்தப் பஞ்சாயத்துக்கே போகாமல் கத்தோ என்கிறார்கள்.

ஆக, சாமான் பிடிக்கும் வேலை என் தலையில். திக்கி என்ற ஆட்டத்தையும் சேர்க்க ஒரு பெரியவருக்கு ஆசை. லாவோஸ் தலைநகர் வியந்தியானில் தாட் லுவாங் திருவிழாவில் ஆடும் ஹாக்கி போன்ற ஆட்டம் அது. மூங்கில் கழிதான் மட்டை. கூட்டத்துக்கு நடுவில் இருபது பேர் மூங்கில் கழியை வீசுவதற்கு எந்த இன்சூரன்ஸ்காரன் கையெழுத்துப் போடுவான்? அது அங்கேயே நின்றது. கத்தோவும், இரும்புக் குண்டு எறிந்து ஆடும் பெட்டாங்கும் மட்டும் என்று முடிவானது.

கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டேன். பதில் அரைமணி நேரத்தில் வந்தது. இரண்டு நாளைக்குப் பிளாஸ்டிக் தரை ஓடுகள், கம்பங்கள், வலை, புள்ளிப் பலகை, இரண்டு பந்து, நாலு செட் பெட்டாங்க் குண்டு: 1,240 டாலர். லாரிக்கு 90. இரண்டு கோடி டாலர் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்டேன், அன்றைக்கே அனுப்பினார்கள். குழு செயலாளர் அக்கா அந்தத் தாளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதை இன்னும் மறக்கவில்லை; போன வருஷம் மேடைக்காரனிடம் அதே தாளுக்கு மூன்று வாரம் அலைந்தாராம். இந்த விஷயத்தில் கம்பெனிக்கு முழு மதிப்பெண்.

ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இது செப்பாக் தக்ராவுக்குத் தாங்குமா?" பதில்: "பேட்மிண்டன் கோர்ட்டும் அதுவும் ஒரே அளவுதான் சார்."

அது உண்மை. அதுதான் வம்பே. களம் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர், பேட்மிண்டன் இரட்டையர் களத்தின் அளவேதான். வலை உயரம் ஆண்களுக்கு நடுவில் 1.52, கம்பத்தில் 1.55. அதுவும் பேட்மிண்டன் வலையும் ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேட்மிண்டனில் வலையை யாரும் தொடுவதில்லை. ஐந்து கிராம் இறகுப் பந்து அதில் பட்டு விழுந்தால் வலைக்கே தெரியாது. கத்தோவில் பந்து 170 முதல் 180 கிராம். அடிக்கிறவன் வலைக்கு முதுகைக் காட்டி எகிறி, ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட்டு, வலைக்கு மேலே காலை வீசி அறைகிறான். காலும் வலையில் படும், ஆளும் படுவான். வலையை வீணைத் தந்தி போல முறுக்கி இழுத்துக் கட்ட வேண்டும், அந்த இழுவையைக் கம்பம் தாங்க வேண்டும். அளவு ஒன்று, பாரம் வேறு. இதைக் கேட்கத் தெரியாதது என் பிழை. சொல்லத் தெரியாதது அவர்கள் பிழை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என்று சொன்ன லாரி ஏழு ஐந்துக்கு வந்தது. டிரைவர் தங்கமான மனுஷன். இறக்கி வைத்துவிட்டுப் போகத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் பிள்ளைகள் ஓடுகளைத் தலைகீழாகக் கோத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு அடிச் சதுர ஓடுகள், தொள்ளாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கோர்க்கக் கோர்க்க 'டக்' 'டக்' என்று சத்தம். ஒரு மணி நேரத்தில் புல்லுக்கு மேல் பச்சைக் களம் விரிந்துவிட்டது. ஒரு பாட்டி வந்து அவர் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, லாவோவில் ஏதோ முணுமுணுத்து ஆசி சொன்னார். பாசி என்ற சடங்கு. குறைந்தது மூன்று நாளாவது நூலை அவிழ்க்கக் கூடாது என்று ஆய் அவருக்கு விளக்கினார். கம்பெனி இந்தக் கட்டுரையைப் படித்தால் அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்கட்டும்.

இரண்டு குறை அப்போதே கண்ணில் பட்டது. ஓடு சரியாகக் கோட்டோடு நின்றுவிட்டது, சுற்றிலும் இடம் இல்லை. கோட்டுக்கு வெளியே மூன்று மீட்டராவது தடங்கல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது ஆட்ட விதி. இங்கே வெளியே போகும் பந்தைத் துரத்துகிறவன் ஓட்டின் விளிம்பில் இடறிப் புல்லில் விழ வேண்டியதுதான். விளிம்புக்குச் சரிவுப் பட்டை உண்டாம், தனி வாடகையாம், யாரும் சொல்லவில்லை. இன்னொன்று, களத்தில் இருந்ததெல்லாம் பேட்மிண்டன் கோடு. சர்வீஸ் போடுகிறவன் நிற்கும் வட்டம் கிடையாது. அறுபது சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் வேண்டும். விழா நடந்த விகாரையின் சமையற்கட்டிலிருந்து வட்ட மூங்கில் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டேப் வைத்து அளந்தால் அறுபத்திரண்டு. போதும் என்று, கவிழ்த்து வைத்துச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டினோம்.

அப்புறம் கம்பம்.

அடிப்பாகம் பிளாஸ்டிக் தொட்டி. தண்ணீர் ஊற்றி நிரப்பினால் பாரம் வரும் என்பது ஏற்பாடு. வெறுந்தொட்டியாக வந்தது, குழாய் இல்லை. களத்துக்கு அருகே இருந்த தண்ணீர் எதுவென்றால், பீ மாய்க்கு ஆள் மேல் ஊற்றுவதற்காகப் பூப்போட்டு நிரப்பி வைத்திருந்த பீப்பாய்கள். பிள்ளைகள் வாளி வாளியாக மொண்டு கம்பத் தொட்டியில் ஊற்றினார்கள். பாதி தண்ணீர் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஊற்றுவதில் போயிற்று. நிரப்பி, மூடி, வலையை இழுத்துக் கட்டினேன். நடுவில் டேப் வைத்தேன்: 1.52. ஆய் கட்டைவிரலைக் காட்டினார்.

பதினொன்றரைக்கு முதல் ஆட்டம். மூன்றாவது புள்ளியிலேயே சிவப்புச் சட்டைப் பையன் ஒருவன் பறந்து அடித்தான், கூட்டம் 'ஓ' என்றது, அவன் குதிகால் வலையின் மேல் நாடாவில் மாட்டியது. வலக் கம்பம் மரியாதையாகக் குனிந்தது. விழவில்லை. நிமிர்த்தினோம். இரண்டு புள்ளி கழித்து மறுபடியும் குனிந்தது. போய்ப் பார்த்தால் தொட்டியின் மூடிக்கு ரப்பர் வளையம் இல்லை, தண்ணீர் ஊசிபோலக் கசிந்து ஓட்டின் துளைகள் வழியே புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. வலையின் நடுவில் டேப் வைத்தேன்: 1.41. அது பெண்கள் ஆட்டத்துக்கான உயரத்தைவிடவே ஒரு சென்டிமீட்டர் குறைவு.

கம்பெனிக்கு போன் போட்டேன். சனிக்கிழமை, பதிவு செய்த குரல்தான் பேசியது. குழுவில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியம் சொன்னார்கள்: "போ பென் ஞாங்." பரவாயில்லை, ஒன்றுமில்லை என்று அர்த்தம். லாவோக்காரர்களோடு பழகினால் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்பீர்கள். நல்ல சொல்தான், ஆனால் வாடகை கொடுத்தவன் வாயிலிருந்து வரக்கூடாத சொல். எனக்கு அந்த முதல் 'போ' மட்டும்தான் காதில் விழுந்தது.

தீர்வு சமையற்கட்டிலிருந்துதான் வந்தது. இரண்டு அம்மாக்கள் தள்ளுவண்டியில் பசையரிசி மூட்டைகளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் மலேசியாவில் புலுட் என்போமே, அதே அரிசி. லாவோக்காரர்களுக்குக் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அதுதான் சோறு, அதனால் விகாரையில் மலை மாதிரி அடுக்கியிருந்தது. மூட்டை இருபது கிலோ. நனையாமலிருக்கக் குப்பைப் பையில் சுற்றி, கம்பத்துக்கு இரண்டு என்று தொட்டிமேல் ஏற்றி, கூடாரக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டினோம். வலை மறுபடியும் 1.52. அதற்கு அப்புறம் இரண்டு நாளும் அது அசையவில்லை. ஞாயிறு மதியம் சமையலுக்கு அரிசி குறைந்தபோது ஒரு அம்மா வந்து வலப்பக்கத்து மூட்டை ஒன்றை அவிழ்க்கப் பார்த்தார். இறுதி ஆட்டம் முடியட்டும் என்று கெஞ்சி நிறுத்தினோம்.

பந்துக்கு வருகிறேன். கம்பெனி கொடுத்த இரண்டும் பொம்மைக் கடைச் சாமான், பேர் ஊர் இல்லை, இறுகிய பிளாஸ்டிக். நெற்றியில் வாங்கினால் பன்னிரண்டு துளையும் முத்திரை பதியும். நல்லவேளை, நான் முன்னெச்சரிக்கையாக மாரத்தான் என்ற பிராண்டுப் பந்து மூன்று வாங்கி வைத்திருந்தேன். தாய்லாந்துத் தயாரிப்பு, ரப்பர் பூசிய வகை கொஞ்சம் மெத்தென்று இருக்கும், பிள்ளைகளுக்கு அதைத்தான் வாங்க வேண்டும். பிரம்புப் பந்து போய்ச் செயற்கைப் பந்து வந்தது 1980களில். என் பள்ளிக் காலத்தில் இரண்டும் இருந்தன. செயற்கைப் பந்து ஒரே சீராக எகிறும், மழைக்கு ஊறாது. ஆனால் பிரம்புக்கு ஒரு சத்தம் உண்டு, உலர்ந்த கூடையைத் தட்டியது போல. பெரியவர் ஒருவர் பழுப்பேறிய பிரம்புப் பந்து ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை வலைக்கு மேலே அடிக்க அவர் யாரையும் விடவில்லை. மாலையில் நாலைந்து கிழவர்கள் வட்டமாக நின்று, கீழே விழாமல் ஒருவர் மாற்றி ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். வலையும் இல்லை, புள்ளியும் இல்லை, வாடகையும் இல்லை. ஒருவர் முழங்காலில் பட்டி கட்டியிருந்தார். குதிகாலை முதுகுக்குப் பின்னால் தூக்கிப் பந்தைத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் சிகரெட் தேடினார்.

பெட்டாங்குக்காகக் கொடுத்த காசு வீண். கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, "இது பிரெஞ்சு ஆட்டமாச்சே, எப்படி லாவோ மரபு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு பிரான்சில் பிறந்த ஆட்டம்தான். 1893 முதல் 1953 வரை லாவோஸை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது. இன்றைக்கு லாவோஸில் பீர்க் கடைக்குப் பின்னாலும் அலுவலக வளாகத்திலும் அதற்கு ஒரு மண் தளம் இருக்கும், தென்கிழக்காசியப் போட்டிகளில் பதக்கமும் வாங்குகிறார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, அங்கேயும் இந்தக் குண்டு உருள்கிறது. இந்தியாவிலிருந்து வந்த பரோட்டா வகையான ரொட்டி சானாய் எங்களுடையது இல்லை என்று ஒரு மலேசியத் தமிழனிடம் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

கம்பெனிக் குண்டை ஒரு பெரியவர் கையில் எடுத்தார். இன்னொன்றோடு மெதுவாகத் தட்டினார். காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே ஏதோ சரசரத்தது. எதுவும் பேசாமல் பெட்டியில் திருப்பி வைத்துவிட்டு, தோள்பையிலிருந்து தன் சொந்தக் குண்டு மூன்றை எடுத்தார். போட்டிக் குண்டு உள்ளே வெறுமையாக, 650 முதல் 800 கிராம் வரை ஆடுகிறவன் கைக்கு ஏற்ற எடையில் இருக்கும். வாடகைக்கு வந்தது கடற்கரைச் சுற்றுலாவுக்கு வாங்கும் ரகம். அந்தப் பெரியவரிடம் நூலில் கட்டிய காந்தம் ஒன்று இருந்தது. குனியாமலே குண்டைத் தூக்குவதற்கு. எறிந்துவிட்டு, நடந்து போய், காந்தத்தைத் தொங்கவிட்டு, 'டொக்' என்று ஒட்டியதும் மீன் பிடித்தவர் மாதிரி இழுப்பார். பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்தக் காந்தத்துக்கு வரிசையில் நின்றார்கள். லாவோ விழாவில் பெட்டாங்க் வைக்கிறவர்கள் குண்டு வாடகைக்கு எடுக்க வேண்டாம், அவர்களே கொண்டுவருவார்கள். சரளை மண் போட்ட இடம் மட்டும் கொடுங்கள்.

ஓட்டைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். துளையுள்ள ஓடு, தண்ணீர் நிற்காது. ஆனால் பீ மாயில் தண்ணீர் மட்டுமா? முகத்தில் பூசும் வெள்ளைப் பவுடரும் பறக்கும். இரண்டும் சேர்ந்தால் இட்லி மாவு. சனிக்கிழமை மூன்று மணிக்குக் களத்தின் ஒரு மூலை முழுக்க மாவு, துளையெல்லாம் அடைத்து வழுக்கியது. ஒரு பையன் சறுக்கிக்கொண்டே போய் வலைக்கு அடியில் உட்கார்ந்தான், அடிபடவில்லை. தண்ணீர் ஊற்றும் இடத்தைக் களத்திலிருந்து நாற்பது அடி தள்ளிப் போட்டிருக்க வேண்டும். இது முழுக்க எங்கள் தப்பு, கம்பெனியைச் சொல்லிக் குற்றமில்லை. மறுநாள் கயிறு கட்டிப் பிரித்துவிட்டோம். ஞாயிறு மாலை இருபது பேர் தென்னந்துடைப்பமும் குழாயுமாக ஓடுகளைக் கழுவி, காயவைத்து, அடுக்கித்தான் லாரியில் ஏற்றினோம்.

அப்படியும் செவ்வாய்க்கிழமை பில் வந்தது: துப்புரவுக் கட்டணம் 150 டாலர்.

குழுவில் காட்டினேன். போ பென் ஞாங். அக்கா காசோலைப் புத்தகத்தையே எடுத்துவிட்டார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தி, எங்கள் தோட்டத்து ஆட்கள் கங்காணியிடம் பேசுகிற குரலை முப்பது வருஷத்துக்கு அப்புறம் எடுத்தேன். ஓடுகளை ஏற்றும் முன் எடுத்த போட்டோ, கசியும் மூடி, குனிந்த கம்பம், 1.41 காட்டும் டேப், அரிசி மூட்டை எல்லாவற்றையும் அனுப்பினேன். மேலாளர் போன் செய்தார். முதலில் வாடகை விதி ஒன்பதாவது பிரிவு என்று ஆரம்பித்தவர், அரிசி மூட்டைப் படத்தைத் திறந்ததும் சிரித்துவிட்டார். துப்புரவுக் கட்டணம் ரத்து, கம்பத்துக்கும் குண்டுக்கும் சேர்த்து 210 டாலர் திருப்பி. மன்னிப்பும் கேட்டார், வாயளவில் இல்லை என்றுதான் தோன்றியது. ரப்பர் வளையம் இல்லாமல் அந்தத் தொட்டி எத்தனை மாதமாகச் சுற்றுகிறதோ. பேட்மிண்டன் ஆடியவர்கள் எவருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த ஏப்ரலுக்கும் அவர்களிடம்தான் கேட்டிருக்கிறேன். சரிவுப் பட்டை உண்டு, சுற்றிலும் கூடுதல் ஓடு உண்டு, குண்டு வேண்டாம், பந்து வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பதில் இரும்பு அடிப்பாகம், ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ என்று எழுதி அனுப்பினார்கள். எழுத்தை நம்பி ஒருமுறை பட்டாயிற்று, தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொன்னேன். மறுநாளே வந்தது. பழைய சாமான் கடைத் தராசு, அதன்மேல் இரும்புத் தட்டு, முள் 51இல். ஓரத்தில் யாருடைய செருப்பு நுனியோ தட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலை எடுத்துவிட்டு இன்னொரு படம் எடுக்கச் சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன்.